அழித்த இடத்தில் ஓர் ஆள்

எங்கள் பழைய கம்ப்யூட்டர் போன வாரம் உயிரை விட்டது. 'டக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அப்புறம் என் மனைவியின் முகம். மூன்றில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் ராத்திரி படுக்க ஒரு வீடு வேண்டும்.

எங்களுடையது சின்னப் போட்டோ ஸ்டூடியோ. படம் பிடிப்பது நான். பிடித்ததைப் பார்க்கும்படி ஆக்குவது அவள். ஆகவே அவளை நான் மனசுக்குள் 'மேலிடம்' என்றுதான் சொல்லிக்கொள்வேன். பரு, தழும்பு, இரட்டை நாடி, குறுக்கே வந்து நின்ற பிளாஸ்டிக் நாற்காலி, எதுவானாலும் மேலிடத்தின் கை பட்டால் மாயம்.

சில சமயம் மனிதர்களும்.

விவாகரத்தான கணவன், சொத்துத் தகராறில் முறைத்துக்கொண்ட தம்பி, பேச்சு வார்த்தை நின்றுபோன மருமகள் என்று வகைவகையாக வருவார்கள். "இவரை மட்டும் எடுத்துடுங்க" என்று படத்தை நீட்டுவார்கள். மேலிடம் காரணம் கேட்க மாட்டாள். எடுத்துவிடுவாள். "நான் அழிச்சா அழிச்சதுதான். அவங்களைப் பெத்தவங்களே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்பது அவளுடைய ஒரே தற்பெருமை. மற்றபடி அடக்கமானவள், என்னை அடக்குவதைத் தவிர.

அப்படி அவள் எடுத்தவர்களில் எனக்கு ரொம்ப வேண்டியவர் ஒருவர் உண்டு. என் அத்தான்.

அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு "வந்துடறேன்" என்று சொல்லிப் போனவர் வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வேலைப் பையைக்கூட எடுத்துப் போகவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, சொந்தம், சிநேகிதம் என்று தேடாத இடம் பாக்கியில்லை.

முதல் வருஷம் அக்கா அழுதாள். இரண்டாம் வருஷம் ஆல்பங்களை அள்ளிக்கொண்டு வந்து மேலிடத்தின் மேஜையில் போட்டாள். "எல்லாத்துலேர்ந்தும் எடுத்துடு. இல்லாத மனுஷன் இருக்கற மாதிரி சிரிக்கறதுதான் என்னால தாங்க முடியல."

எடுத்தாயிற்று. அப்புறம் கோர்ட்டும் அவரை எடுத்தது. காணாமல் போனவர் போனவர்தான், இந்த அம்மாளுக்கு அவரிடமிருந்து விடுதலை என்று தீர்ப்புச் சொன்னது.

நாளைக் காலையில் அக்காவுக்கும் பல் டாக்டருக்கும் பதிவுத் திருமணம். கடைவாய்ப் பல் வலி என்று போனவளுக்கு, பல்லோடு சேர்த்துத் தனிமையையும் பிடுங்கிவிடலாமா என்று கேட்ட மனிதர். நல்லவர். ஒரே குறை, நான் சிரிக்கும்போதெல்லாம் என் கண்ணைப் பார்க்காமல் வாய்க்குள் பார்ப்பார்.

போன மாசம் அக்கா வீட்டில் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு நாளைக்கு அந்த வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அதில் மேலிடம் கை வைப்பதற்குள்தான் கம்ப்யூட்டர் புகைந்தது. படங்களெல்லாம் பென் டிரைவில் பத்திரமாக இருந்தன. ஆகவே இன்றைக்குள் புதுசு வாங்கியாக வேண்டும்.

அக்காவும் எங்களோடு கிளம்பினாள்.

"நாளைக்குக் கல்யாணத்த வெச்சுக்கிட்டு நீ எதுக்குக்கா அலையற?"

"உன்ன மட்டும் அனுப்பினா கடைக்காரன் அவன் வீட்டுக் கிழிஞ்ச பாயையும் சேர்த்து உன் தலையில கட்டிடுவான்டா" என்றாள்.

மேலிடம் சிரித்தாள். நாத்தனாரும் தம்பி மனைவியும் என் விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி.

---

கடை நீளமாக, குளிர்ச்சியாக, ஆளில்லாமல் இருந்தது. இரு பக்கச் சுவரிலும் வரிசையாக மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே பச்சைக் கிளி. ஒரு கிளி தலையைத் திருப்பினால் எல்லாக் கிளியும் திருப்பின. நாங்கள் கதவைத் தள்ளிய நேரம் அத்தனையும் சேர்ந்து எங்களைப் பார்த்தன.

"என்னமோ நாம வர்றது அதுக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

விற்பனைக்காரர் எங்கிருந்தோ முளைத்தார். "என்ன வேலைக்கு சார் கம்ப்யூட்டர்?"

"போட்டோ எடிட்டிங்."

"அப்போ முப்பத்திரண்டு ஜிபி ரேம் கண்டிப்பா வேணும் சார். பெரிய படம் நாலு தொறந்தீங்கன்னா பதினாறு மூச்சு வாங்கும். முப்பத்திரண்டு போட்டா அசையாது."

அடுத்த ஐந்து நிமிஷத்தில் முப்பத்திரண்டு என்ற சொல்லை அவர் அத்தனை முறை சொன்னதால், அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டேன்.

"பதினாறு போதாதா?" என்றாள் அக்கா.

"முப்பத்திரண்டு இருந்தா பின்னாடி கவலையில்லக்கா."

"பல்லுகூடத்தான் முப்பத்திரண்டு இருக்கு. எல்லாமா மெல்லுது?"

பல் டாக்டரைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் கேட்கிற கேள்வியா இது? முப்பத்திரண்டு உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே விசிறிகள் சுழன்றன. நீலம், சிவப்பு, ஊதா என்று வெளிச்சம் மாறி மாறி ஓடியது. எனக்கு மனசு அங்கேயே தங்கிவிட்டது.

"இது ரொம்ப நல்லாயிருக்கே" என்றேன்.

"உள்ள மீன் விடப் போறீங்களா?" என்றாள் மேலிடம்.

அதோடு அந்தப் பெட்டிக்கும் எனக்கும் இருந்த உறவு முறிந்தது.

மேலிடம் விஷயத்துக்கு வந்தாள். நல்ல பிராசஸர், பதினாறு வேண்டாம் முப்பத்திரண்டே இருக்கட்டும், படம் சட்டென்று திறக்க ஒரு எஸ்எஸ்டி, பழைய படங்களைப் போட்டு வைக்கத் தனியாக ஒரு பெரிய டிஸ்க். இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அக்கா வாரண்டி விஷயத்தைப் பேசித் தீர்க்கக் கல்லாப் பக்கம் போனாள். பேசித் தீர்ப்பது என்றால் எதிராளியைத் தீர்ப்பது.

"பெட்டி சுமாரா இருந்தாலும் வேலை நடந்துடும்" என்றாள் மேலிடம். "மானிட்டர் பொய் சொல்லக் கூடாது. அதத்தான் பாக்கணும்."

முப்பத்திரண்டு ஒரு மேஜைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மானிட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இடது பக்கம் இருந்தது சாதாரணம். வலது பக்கம் இருந்தது உசத்தி. இரண்டிலும் கிளி.

"பாருங்க மேடம், இறகு இறகா தெரியுது."

"கடைக்காரர் காட்டற கிளி எதுல போட்டாலும் அழகாத்தான் இருக்கும். எங்க படத்தப் போடுங்க" என்று பென் டிரைவை எடுத்தாள்.

இது அவளுடைய பழக்கம். துணிக் கடையில் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறம் பார்ப்பதைப் போல, மானிட்டர் வாங்குமுன் தன்னிடம் இருப்பதிலேயே ரொம்ப இருட்டான படத்தைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்பாள். வெளிச்சத்தை எந்த மானிட்டரும் காட்டிவிடும். கறுப்புக்குள் இருக்கும் கறுப்பைக் காட்டுகிறதா என்பதுதான் பரீட்சை.

அவள் திறந்தது ஒரு வக்கீல் அம்மாளும் அவர் மகளும் நிற்கும் படம். எங்கள் ஸ்டூடியோவின் கறுப்புத் திரைக்கு முன்னால் எடுத்தது.

இடது பக்கத்தில் திரை கறுப்பாக இருந்தது.

வலது பக்கத்தில் திரைக்குள் ஏதோ இருந்தது.

மேலிடத்தின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. "என்னங்க. இங்க வாங்க."

என்னை அவள் இவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டால் விபரீதம் என்று அர்த்தம். குனிந்து பார்த்தேன். வக்கீல் அம்மாளின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை. அதற்குப் பின்னால் ஒரு மார்பு, கழுத்து, கண்ணாடி போட்ட ஒரு முகம். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ஆளைப் பார்ப்பதைப் போல மங்கலாக இருந்தது. ஆனால் இருந்தது.

"இது அவங்க வீட்டுக்காரர்" என்றாள். "நான் எடுத்தேனே."

எடுத்த விதம் இதுதான். பின்னால் கறுப்புத் திரை என்பதால், வேண்டாத ஆளின் மேல் கறுப்பை மெல்ல மெல்லத் தடவிக்கொண்டே வருவாள். ஒரேயடியாக அப்பினால் அப்பியது தெரியும். ஆகவே பூச்சுக்கு மேல் பூச்சு. ஆள் மறைந்ததும் நிறுத்துவாள். ஆனால் எப்போது மறைந்தார் என்று அவளுக்குச் சொன்னது எங்கள் பழைய மானிட்டர். அதற்குக் கண் மங்கல். கொஞ்சம் இருட்டானாலே முழுக் கறுப்பு என்று சொல்லிவிடும். எங்கள் பிரிண்டரும் அதற்கேற்ற ஜோடி. ஆக, இத்தனை வருஷமும் ஆள் போவதற்கு முன்பே போய்விட்டார் என்று நினைத்து அவள் கையை எடுத்திருக்கிறாள்.

அடுத்த படத்தைத் திறந்தாள். தையல்கடைக்காரரின் மூத்த மகன். அடுத்தது. பேக்கரிக்காரரின் முதல் மனைவி. அடுத்தது. இரட்டையரில் ஒருவர். ஒவ்வொருவரும் நான் எங்கே நிற்கச் சொன்னேனோ அங்கேயே, நான் சிரிக்கச் சொன்ன அதே சிரிப்போடு நின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கு முதுகில் சில்லென்றது. ஏசி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏசி எனக்கு முன்னால் இருந்தது.

"எத்தன வீட்டுச் சுவத்துல இவங்க தொங்கறாங்களோ" என்றாள் மேலிடம். "யாராவது ஒரு நல்ல போன்ல போட்டுப் பாத்தாப் போதும்."

"யாரும் அவ்வளவு உத்துப் பாக்க மாட்டாங்க."

"வேணாம்னு சொன்னவங்கதாங்க அடிக்கடி உத்துப் பாப்பாங்க."



அவள் எங்கள் குடும்பப் படங்கள் இருக்கும் இடத்துக்குப் போனாள். போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திறந்துவிட்டாள். அக்கா, நான், மேலிடம். எங்களுக்கு நடுவில், கறுப்புக்குள், அத்தான். வேலைப் பை தொங்கித் தொங்கி இறங்கிப்போன வலது தோள். எதையோ கேட்பதைப் போல ஒரு பக்கம் சாய்ந்த தலை. மூன்று வருஷமாக எங்கள் ஸ்டூடியோ ஷோகேஸில் இந்தப் படத்தை வைத்திருக்கிறோம். தினமும் நானே தூசி தட்டுகிறேன்.

சட்டென்று மூடினாள். "அண்ணி பாக்கக் கூடாது. இன்னிக்குப் பாக்கக் கூடாது. இதப் பாத்தா நாளைக்கு எந்த மனசோட போய்க் கையெழுத்துப் போடுவாங்க?"

கல்லாப் பக்கம் பார்த்தேன். அக்கா விரலை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். கல்லாக்காரர் சரணடையும் நிலையில் இருந்தார்.

"அப்போ எந்த மானிட்டர் வாங்கறது?" என்றேன்.

"இடது பக்கத்துல இருக்கறதே போதும்" என்றாள் மேலிடம்.

"மானிட்டர் பொய் சொல்லக் கூடாதுன்னு நீதான..."

"கொஞ்சம் சொல்லட்டும். இத்தன நாளும் சொல்லிச்சு, நாம நிம்மதியாத்தான இருந்தோம்."

முப்பத்திரண்டுக்கு முகம் விழுந்துவிட்டது. "மேடம், நீங்க போட்டதெல்லாம் பழைய படம். புதுப் படம் ஒண்ணு போடுங்க. அப்போ இதோட அருமை தெரியும்."

மேலிடம் யோசித்தாள். "போன மாசம் எடுத்தத மட்டும் ஒரு தடவ பாத்துடறேன். அதுல நான் யாரையும் அழிக்கல. பிரிண்டுக்குக் கலர் சரியா இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டுக் கெளம்பலாம்."

திறந்தாள்.

அக்கா வீட்டுக் கூடம். சோபாவில் அக்காவும் பல் டாக்டரும். பின்னால் நானும் மேலிடமும். எங்களுக்குப் பின்னால் வாசல் கதவு. கதவுக்குப் பக்கத்தில் உயரமான கண்ணாடிச் சன்னல். சன்னலுக்கு அந்தப் பக்கம் மாடிப் பொதுவழி. அன்றைக்கு அங்கே பல்பு எரியவில்லை. சன்னல் கறுப்பாக இருந்தது. எல்லோரும் உயிரோடு, சிவப்பாக, தேவைக்கு மேல் சிரித்துக்கொண்டிருந்தோம். நான் மூச்சை விட்டேன்.

"அடேங்கப்பா!" என்றார் முப்பத்திரண்டு. "பாத்தீங்களா மேடம்? பின்னாடி சன்னலுக்கு வெளிய நிக்கறாரே ஒரு சார், அவர் சட்டைப் பித்தான்கூடத் தெரியுது. இதான் நல்ல மானிட்டருக்கு அடையாளம்."

"எந்த சார்?"

கேட்டது அக்கா. வாரண்டியை வென்றுவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

நான் மானிட்டருக்கு முன்னால் பாய்ந்தேன். என் உடம்பு எந்த மானிட்டரையும் மறைக்கப் போதுமானது என்று ஊரே சொல்லும். அது இன்றைக்குக் கை கொடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லக்கா. தூசி. கண்ணாடில தூசி."

"தூசிக்கு சட்டைப் பித்தானாடா இருக்கு? நகரு."

"அக்கா..."

"நகருன்னேன்."

நகர்ந்தேன். சின்ன வயசிலிருந்து அந்தக் குரலுக்கு நான் நகராமல் இருந்ததே கிடையாது.

அக்கா குனிந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முப்பத்திரண்டைப் பார்த்து, "இத அந்த மானிட்டருக்குக் கொண்டு போக முடியுமா?" என்று கேட்டாள்.

அவர் படத்தை மவுஸால் பிடித்து வலமிருந்து இடமாக இழுத்தார். பாதி வழியில் படம் இரண்டு மானிட்டரிலும் பாதிப் பாதியாக நின்றது. வலது பக்கத்தில் ஒரு தோளும் பாதி முகமும். இடது பக்கத்தில் அந்த முகத்தின் மிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. இன்னும் கொஞ்சம் இழுத்தார். தோளும் போயிற்று.

"திரும்பக் கொண்டு வாங்க."

வந்தார்.

"திரும்பப் போங்க."

போனார்.

முப்பத்திரண்டு தன் வியாபாரத்துக்கு நல்லது நடக்கிறது என்று நினைத்து உற்சாகமாக இழுத்துக்கொண்டிருந்தார். மேலிடம்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பக்கத்து வீட்டுக்காரரா இருக்கும் அண்ணி."

"பக்கத்து வீடு ஒரு வருஷமா பூட்டிக் கெடக்கு." அக்கா மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வலது தோள் எறங்கியிருக்கு பாரு. கையில பை இல்ல. இருந்தாலும் எறங்கியிருக்கு. ஏம்மா, இந்தப் படத்துல நீ எதையும் அழிச்சியா?"

"இல்லண்ணி. சத்தியமா இல்ல. கம்ப்யூட்டர் புகைஞ்சப்ப இத இன்னும் தொடவேயில்ல."

"அப்போ இவர் அழிச்சது போக மிச்சம் இல்ல."

இதுவரை பார்த்தவர்கள் எல்லாம் போனவர்கள். மேலிடத்தின் கை சரியாக வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். இவர் அப்படியில்லை. இவர் போன மாசம் வந்திருக்கிறார்.

"அன்னிக்கு ஒரு படமா எடுத்த?" என்று என்னைக் கேட்டாள்.

ஒரு படம் இல்லை. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, தானாக மூன்று படம் எடுக்கும்படி செய்துவிட்டு ஓடிவந்து நானும் நின்றேன். ஓடிவந்ததில் மேஜைக் காலில் இடித்துக்கொண்டேன். முதல் படத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், மூன்றாவதில்தான் கேமராவைப் பார்க்கிறார்கள்.

மேலிடம் மூன்றையும் வரிசையாக வைத்தாள்.

முதல் படத்தில் அவர் பொதுவழியின் அந்தக் கோடியில், படிக்கட்டுப் பக்கம் நின்றார்.

இரண்டாவதில் சன்னலுக்கு ஒட்டி. நாங்கள் முதலில் பார்த்தது இதைத்தான். நெற்றி கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் பார்த்தது டாக்டரை இல்லை, அக்காவையும் இல்லை. கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எது எங்கே இருக்கிறது என்று பார்ப்பவரைப் போல.

மூன்றாவதில் சன்னலில் யாரும் இல்லை.

வாசல் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது.

நாங்கள் நாலு பேரும் கேமராவைப் பார்த்து அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"அந்தக் கதவ டாக்டர்தான போய்ச் சாத்தினார்?" என்றாள் மேலிடம் மெதுவாக. "காத்துக்குத் தொறந்துக்கிச்சுன்னு சொன்னாரு."

"அன்னிக்கு எங்க காத்து இருந்தது?" என்றேன். எனக்கு நன்றாக நினைவிருந்தது. இடித்துக்கொண்ட காலுக்கு நானே பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கதவு தானாத் தொறக்காது" என்றாள் அக்கா. "சாத்தினா பூட்டிக்கும். வெளியிலேர்ந்து சாவி போட்டாத்தான் தொறக்கும்."

"டாக்டர்கிட்ட சாவி இருக்கா?"

"நாளைக்குத்தான் குடுக்கணும்னு வெச்சிருக்கேன்."

"அப்போ வேற யார்கிட்ட?"

"மொத்தம் ரெண்டே சாவி. ஒண்ணு என் பையில இருக்கு."

இன்னொன்று எங்கே என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் "வந்துடறேன்" என்று போனவரின் சட்டைப் பையில் போயிருக்கும்.

"ஏன்க்கா, இத்தன வருஷத்துல பூட்ட மாத்தலையா?"

அக்கா என்னைப் பார்த்தாள். என்னைவிட மூன்று வயதுதான் பெரியவள். அந்த நிமிஷம் எவ்வளவோ பெரியவளாகத் தெரிந்தாள்.

"படத்துலேர்ந்துதான் எடுக்கச் சொன்னேன்" என்றாள். "வந்தா வெளிய நிக்கக் கூடாதில்லடா."

மேலிடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பி அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். நீலம், சிவப்பு, ஊதா எல்லாம் கலங்கித் தெரிந்தன. பெட்டியில் கோளாறு இல்லை.

"அண்ணி, இப்பவே ஒரு ஆளக் கூட்டிட்டுப் போய்ப் பூட்ட மாத்திடலாம்" என்றாள் மேலிடம். "இந்தப் படத்தையும் எடுத்துடறேன். இந்தத் தடவ நல்ல மானிட்டர்ல உக்காந்து ஒரு பொட்டு மிச்சமில்லாம எடுப்பேன். நாளைக்கு நீங்க நிம்மதியாப் போய்க் கையெழுத்துப் போடுங்க."

"இதையே வாங்கு" என்று வலது பக்கத்தைக் காட்டினாள் அக்கா. "ஆனா எதையும் எடுக்காத."

"அப்போ நாளைக்கு?"

"அத அந்த வீட்டுக்குள்ள போய் நின்னாத்தான் என்னால சொல்ல முடியும்."

முப்பத்திரண்டு சந்தோஷமாகப் பெட்டியை எடுக்க உள்ளே ஓடினார். அந்த நேரத்தில்தான் அக்காவின் போன் அடித்தது. அக்காவுக்குப் போனைக் காதில் வைக்கும் வழக்கம் கிடையாது. உள்ளங்கையில் வைத்து, ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கும்படிதான் பேசுவாள்.

பல் டாக்டர்.

"நான் வந்துட்டேன்" என்றார். குரலில் உற்சாகம். "புத்தகப் பெட்டியெல்லாம் கொண்டு வந்துட்டேன். கூடத்துலதான் உக்காந்திருக்கேன். நீங்க எங்க, குளிக்கறீங்களா?"

"நான் கடையில இருக்கேன்" என்றாள் அக்கா. "நீங்க எப்படி உள்ள போனீங்க?"

"கதவு தொறந்துதான் இருந்தது. சும்மா பாதி சாத்தி வெச்சிருந்தீங்க."

அக்கா வலது பக்க மானிட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, கடையிலயா இருக்கீங்க? அப்போ இந்த டீ?"

"எந்த டீ?"

"மேஜை மேல ஊத்தி வெச்சிருக்கே. ஆவி பறக்குது. நான் வர்றது தெரிஞ்சு நீங்கதான் போட்டு வெச்சீங்கன்னு நெனச்சேன்." டாக்டரின் குரலில் இப்போது உற்சாகம் குறைந்திருந்தது. "வீட்ல வேற யாரும் இல்லையே. ரெண்டு தடவ கூப்பிட்டும் பாத்தேன்."

மேலிடத்தின் நகம் என் முழங்கையில் பதிந்தது. வலித்தது.

"எத்தன கப்பு இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

மறுமுனையில் டாக்டர் எழுந்து வந்து பார்க்கும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. செருப்பில்லாத காலடி.

"மூணு" என்றார்.

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். பேச ஆரம்பித்தபோது அவள் குரல், விருந்தாளி வந்த வீட்டில் அடுப்படியிலிருந்து பதில் சொல்கிற குரலாக இருந்தது.

"நீங்க உக்காருங்க. அதுல ஒண்ணு என்னுது. ஆறறதுக்குள்ள வந்துடறேன்."

போனைப் பைக்குள் போட்டாள். பைக்குள்ளேயே விரலால் எதையோ தேடிப் பிடித்தாள். அவளுடைய சாவி. அதை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள். நான் ஓடிப்போய் வழியை மறித்தேன்.

"அக்கா, நீ தனியாப் போகாத. நாங்களும் வரோம்."

அவள் என் தோளில் கை வைத்து என்னை நகர்த்தினாள். ரொம்ப மெதுவாக.

"நீ வரவேணாம்டா" என்றாள். "உனக்குக் கப்பு வெக்கல."